துடிக்கும் வானமும் நெளியும் ஆடியும்

என் பாட்டிக்குப் பள்ளிக்கூடப் படிப்புக் கிடையாது. ஆயினும் கோடைகாலத்து இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது, மேலே தெரியும் ஒளிப்புள்ளிகளில் எது கிரகம், எது நட்சத்திரம் என்று பிரித்துச் சொல்வதில் அவளுக்கு ஒருபோதும் தடுமாற்றம் ஏற்பட்டதில்லை. "சிமிட்டினா நட்சத்திரம்டா, சிமிட்டாம முறைச்சுப் பார்த்தா கிரகம்" என்பதே அவள் வகுத்து வைத்திருந்த இலக்கணம். பின்னாளில் வானநூல் புத்தகங்களைப் புரட்டியபோது அந்த இலக்கணம் பெரும்பாலும் சரியே என்று தெரிந்துகொண்டேன். ஆனால் ஏன் சிமிட்ட வேண்டும் என்று அன்று நான் கேட்டிருந்தால், "தூங்குடா" என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்திருக்காது. நட்சத்திரம் என்னவோ பிரம்மாண்டமான ஓர் அக்கினிக் கோளம். அது விநாடிக்குப் பல தடவை அணைந்து எரிவதில்லை. அதிலிருந்து புறப்பட்ட ஒளி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வெற்றுவெளியில் எவ்விதச் சலனமுமின்றிப் பிரயாணம் செய்து, நம் தலைக்கு மேலுள்ள சுமார் இருபது கிலோமீட்டர் உயரக் காற்றைக் கடக்கும் அந்தக் கடைசி நொடித்துணுக்கில், அதாவது ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், கலங்கிவிடுகிறது.

தெளிந்த கோயில் குளத்தில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த மர்மம் பாதி விளங்கியிருக்கும். நீர் அசையாத வேளையில் காசு வட்டமாய், நின்ற இடத்தில் நிற்கும். யாராவது ஒருவர் கீழ்ப்படியில் இறங்கிக் காலை நனைத்த மாத்திரத்தில், காசு நீளும், குறுகும், இரண்டாகப் பிளக்கும், பளீரென்று மின்னி மறுகணமே மங்கும். காசு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நெளிந்தது நீர்தான். நாமும் ஒரு பெருங்குளத்தின் அடியில் வசிக்கிறவர்கள். நம் குளத்தில் நீருக்குப் பதில் காற்று. சூடான காற்றுப் பொட்டலமும் குளிர்ந்த காற்றுப் பொட்டலமும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் எதிரே வரும் பஸ் நெளிவதும், கோட்டையடுப்பின் அனலுக்கு அப்பால் நிற்கும் சமையற்காரரின் முகம் நடுங்குவதும் இதனாலேயே. கிரகம் ஏன் சிமிட்டுவதில்லை என்றால், அது நமக்கு அண்மையில் இருப்பதால் ஒரு புள்ளியாக இல்லாமல் சிறு தட்டாக விளங்குகிறது. தட்டின் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளி மங்கும்போது மற்றொரு பகுதியின் ஒளி கூடிவிடுகிறது. பஜனை கோஷ்டியில் ஒருவருக்குத் தொண்டை கம்மினால் பாட்டு நிற்பதில்லை. தனிப்பாடகருக்கோ அந்தச் சலுகை இல்லை.

வெறுங்கண்ணுக்குச் சிமிட்டலாகத் தெரிகிற இந்தச் சங்கதி, பெரிய தொலைநோக்கியின் வழியே பார்க்கும்போது வேறொரு ரூபம் கொள்கிறது. நட்சத்திரம் ஒரு கூர்மையான புள்ளியாக இராமல், கொதிக்கும் பாலைப் போலப் பொங்கித் தளும்பும் ஓர் ஒளித்திட்டாக வீங்கிவிடுகிறது. இந்த வீக்கத்தை வான்கலக்கம் என்று அழைப்போம். அதன் அளவு, நல்ல மலையுச்சியிலும்கூட, ஏறக்குறைய ஒரு விகலை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குப் பாகை, கலை, விகலை என்ற வரிசை பழக்கமானதே: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது எவ்வளவு சிறுத்துத் தெரியுமோ அவ்வளவு. இது மிகச் சிறியதுதானே என்று தோன்றலாம். ஆனால் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு தொலைநோக்கியே ஒரு விகலை அளவுக்கு நுட்பமாகப் பார்க்க வல்லது. ஆடியின் அகலம் எத்தனைக்கெத்தனை பெருகுகிறதோ அத்தனைக்கத்தனை நுட்பமும் கூட வேண்டும் என்பது ஒளியின் விதி. அவ்விதியின்படி 1948-இல் அமெரிக்காவின் பாலோமர் மலையில் நிறுவப்பட்ட ஐந்து மீட்டர் தொலைநோக்கியும், நம் ஜவ்வாது மலைத்தொடரில் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் அந்தச் சிறு கருவியைவிடப் பன்மடங்கு கூர்மையாகப் பார்த்திருக்க வேண்டும். அவை அதிக ஒளியைத் திரட்டின. மங்கிய பொருள்களைக் காட்டின. கூர்மையிலோ, காற்று விதித்த ஒரு விகலை என்ற வேலியைத் தாண்ட முடியாமல் நின்றன. யானை வாங்கிக் கட்டிவிட்டு, வாசற்படி குறுகலென்பதால் உள்ளே அழைத்துவர முடியாதவன் கதைதான்.

நியூட்டன் 1704-இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே இந்தத் தொல்லையைக் குறிப்பிட்டு, உயர்ந்த மலைகளின் உச்சியில் இருக்கும் அமைதியான காற்றைத் தேடிப் போவதைத் தவிர வேறு பரிகாரமில்லை என்று எழுதிவிட்டார். இரண்டரை நூற்றாண்டுக் காலம் வானியலார் அந்த வாக்கை வேதவாக்காகக் கொண்டு மலையேறினார்கள். ஹவாய்த் தீவின் மௌனா கீயும் சிலி நாட்டின் ஆண்டீஸ் சாரல்களும் கானரித் தீவுகளின் லா பால்மாவும் தொலைநோக்கிகளின் வாசஸ்தலங்களானது இவ்விதமே.

இங்கே ஒரு கேள்வியை நிதானித்துக் கேட்டுக்கொள்வது அவசியம். காற்று, நட்சத்திரம் அனுப்பிய செய்தியை அழித்துவிடுகிறதா, அல்லது கலைத்துப் போடுகிறதா? கடிதத்தை அடுப்பில் போட்டவனிடமிருந்து எதையும் மீட்க முடியாது. கிழித்துப் போட்டவனிடமிருந்து துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிவிடலாம். இதற்கு விடை 1970-இல் பிரெஞ்சு வானியலார் ஆந்துவான் லபேரி செய்த ஆராய்ச்சியில் கிடைத்தது. நீண்ட நேரம் ஒளியை விழவிட்டுப் படம் பிடித்தால்தான் நட்சத்திரம் வீங்கிய திட்டாகப் பதிகிறது; விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடிப் படம் பிடித்தால், அந்தத் திட்டு, ரவையைத் தூவினாற்போல் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறது. அந்த நுண்புள்ளி ஒவ்வொன்றின் அகலமும், காற்றே இல்லாவிட்டால் அந்தத் தொலைநோக்கியில் நட்சத்திரம் எவ்வளவு கூர்மையாகத் தெரிய வேண்டுமோ அதே அகலம்! ஆகவே செய்தி அழியவில்லை, சிதறிக் கிடக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏனெனில் பின்னால் வந்த கருவிகள் அனைத்தும் இந்த ஓர் உறுதிப்பாட்டின் மேல் எழுந்தவை.

சிதறியதைச் சேர்ப்பது எப்படி? ஒளியை அலையென்று கொள்வோம். வெகுதூரத்திலிருந்து வரும் நட்சத்திர ஒளி, கைகோத்துக்கொண்டு ஒரே நேர்க்கோட்டில் நடந்துவரும் மனிதர்களின் வரிசையைப் போன்றது. அந்த வரிசைக்கு அலைமுகம் என்று பெயர். வரிசை ஆற்றில் இறங்குகிறது. சிலருக்கு முழங்கால் ஆழம், சிலருக்கு இடுப்பளவு. ஆழத்தில் நடப்பவர் பின்தங்க, மற்றவர் முந்த, அக்கரை ஏறும்போது நேராயிருந்த வரிசை பாம்பாக வளைந்து போகிறது. காற்று, அலைமுகத்துக்குச் செய்வது இவ்வளவே. பின்தங்கியவர் எவ்வளவு பின்தங்கினார் என்பதைக் கணக்கிட்டு, முந்தியவரை அந்த அளவுக்குச் சற்றே சுற்றிப் போகச் செய்தால் வரிசை மீண்டும் நேராகிவிடும். ஒளியைச் சுற்றிப் போகச் செய்ய ஆடியின் பரப்பில் அவ்விடத்தில் ஒரு சிறு குழி இருந்தால் போதும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செய்வதும் இதுவே. கனமான இரும்புச் சட்டத்தை என் மூக்கின்மேல் ஏற்றி, வில்லைகளை ஒவ்வொன்றாய் மாற்றி, "இப்ப தெளிவா இருக்கா சார், இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று அவர் கேட்கக் கேட்க, எது தெளிவு என்பதே மறந்துபோய் ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்து, ஆறுமாதம் தலைவலியோடு அலைந்த அநுபவம் எனக்கு உண்டு. என் கண்ணின் கோணலாவது ஒரே கோணலாக நின்றது. காற்றின் கோணலோ ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் மாறிவிடுகிறது. ஆகவே வானியலாருக்கு வேண்டியது, விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, ஏன் ஆயிரம் தடவைகூட, தன் வில்லையைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு மூக்குக்கண்ணாடி. இந்தக் கலைக்குத் தகவமை ஒளியியல் என்று பெயர் வைக்கலாம். சூழ்நிலைக்குத் தக்கவாறு தன்னை அமைத்துக்கொள்ளும் ஒளிக்கருவிகளின் இயல் என்பது பொருள்.

இப்படியொரு கருவி சாத்தியம் என்று முதன்முதலில் எழுதியவர், மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களில் பணியாற்றிய ஹோரஸ் பாப்காக், ஆண்டு 1953. ஆடியின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைப் பரப்பி, மின்கதிரால் அதை ஆங்காங்கே மேடுபள்ளமாக்கலாம் என்பது அவருடைய யோசனை. 1957-இல் சோவியத் விஞ்ஞானி விளாதிமிர் லின்னிக், பாப்காக்கின் கட்டுரையைச் சாராமலே ஏறத்தாழ இதே கருத்துக்கு வந்துசேர்ந்தார். இருவருடைய யோசனையும் காகிதத்தில் நின்றுவிட்டது. அவ்வளவு வேகமாய்க் கணக்கிடும் யந்திரம் அன்று உலகில் எங்கும் இல்லை.

அலைமுகத்தின் கோணலை அளப்பது முதல் வேலை. 1900-ஆம் ஆண்டுவாக்கில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் யோகன்னஸ் ஹார்ட்மன் என்பவர், தொலைநோக்கிக் கண்ணாடியைச் சோதிக்க, ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டை அதன் முன்னால் வைத்து, ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் வந்த ஒளிக்கற்றை எங்கே விழுகிறது என்று பார்த்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் அரிசோனாவில் ரோலண்ட் ஷாக், ஓட்டைகளுக்குப் பதிலாகச் சதுரச் சதுரமான நுண்வில்லைகளை நெருக்கமாக அடுக்கினார். பணியாரக் கல்லின் குழிகளைப் போன்ற அந்த அடுக்கில் ஒவ்வொரு வில்லையும், தனக்குக் கிடைத்த அலைமுகத் துண்டினால், நட்சத்திரத்தின் ஒரு குட்டிப் பிம்பத்தை உண்டாக்கும். அலைமுகம் நேராயிருந்தால் பிம்பங்கள் வாசலில் வைத்த புள்ளிக்கோலத்தின் புள்ளிகளைப்போல ஒழுங்காய் நிற்கும். ஏதோ ஓரிடத்தில் அலைமுகம் சாய்ந்திருந்தால் அந்த இடத்துப் புள்ளி தன் ஸ்தானத்தைவிட்டு நகரும். எந்தப் புள்ளி எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து அலைமுகம் முழுவதையும் வரைந்துவிடலாம். இதுவே அலைமுகமானி.

இரண்டாவது வேலை ஆடியை நெளிப்பது. அப்பளம் போன்று மெல்லிய ஓர் ஆடி. அதன் முதுகுப்புறத்தில் வரிசை வரிசையாய்ச் சிறு உந்துகோல்கள். மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கோலும் ஆடியை ஒரு மயிரிழையின் சிறு பின்ன அளவுக்குத் தள்ளும் அல்லது இழுக்கும். இங்கே கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. அலைமுகமானியை நெளியும் ஆடிக்கு முன்னால் வைப்பதில்லை, பின்னால் வைக்கிறார்கள். அது அளப்பது காற்றின் முழுக் கோணலை அன்று, ஆடி திருத்திய பிறகும் எஞ்சியிருக்கிற மிச்சக் கோணலை. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி, காற்று எவ்வளவு வேகமாய் வீசுகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. தன் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் உணர்ந்து, மூங்கிலை மறுபக்கம் சாய்க்கிறான். அந்தச் சாய்ப்பில் எஞ்சிய பிழையை அடுத்த கணம் திருத்துகிறான். அளத்தல், கணக்கிடல், நெளித்தல், மறுபடி அளத்தல் என்ற இச்சுழற்சியை இயக்குவதற்கு வானியலார் "வளையத்தை மூடுதல்" என்பார்கள். வளையம் மூடப்படும் அந்த விநாடியில் திரையில் பொங்கிக்கொண்டிருந்த ஒளித்திட்டு சட்டென்று உள்வாங்கி ஊசிமுனையாய்க் குவிவதைப் பார்த்தவர்கள், ஆயிரம் தடவை பார்த்தபின்னும் அதில் அலுப்பு ஏற்படுவதில்லை என்கிறார்கள்.

இந்தக் காட்சியை நட்சத்திர ஒளியில் வானியலார் பகிரங்கமாகக் கண்டது 1989 அக்டோபரில், பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்து 1.52 மீட்டர் தொலைநோக்கியில். ஆடிக்குப் பின்னால் இருந்தவை பத்தொன்பதே உந்துகோல்கள். கருவியின் பெயர் "கம்-ஆன்". வா என்று வானத்தை அழைப்பது போன்ற அந்தப் பெயர், உண்மையில் அதைச் செய்த கூட்டாளிகளின் முதலெழுத்துகளைக் கோத்த மாலை: ஒரு பிரெஞ்சு மின்பொறித் தொழில் நிறுவனம், மூதோன் வானாய்வகம், பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம், பிரான்சின் விமான-விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் என்ற நால்வர். அடுத்த ஆண்டே அக்கருவி கப்பலேறிச் சிலி நாட்டு லா சியாவின் 3.6 மீட்டர் தொலைநோக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பது கோல்கள் எப்படிப் போதின என்ற ஐயம் எழும். அவர்கள் அகச்சிவப்பு ஒளியில் பார்த்தார்கள். அலைநீளம் பெரிதானால் காற்றின் சிறு மேடுபள்ளங்கள் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. சைக்கிளைக் குலுக்கும் பள்ளத்தை மாட்டுவண்டிச் சக்கரம் அநாயாசமாய்த் தாண்டிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் இதைச் செய்ய, எட்டு மீட்டர் ஆடிக்கு ஆயிரக்கணக்கான கோல்கள் வேண்டியிருக்கும்.

இதற்கிடையே வேறோரிடத்தில், கதவுகளைச் சாத்திக்கொண்டு, இதே வேலை இன்னும் பெருஞ்செலவில் நடந்துகொண்டிருந்தது. வேற்றுநாட்டுச் செயற்கைத் துணைக்கோள்களைத் தரையிலிருந்து தெளிவாகப் பார்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அமெரிக்க ராணுவம் எழுபதுகளிலிருந்தே இத்துறையில் இறங்கியிருந்தது. வானியலாரை உறுத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய இடையூறுக்கு விடையும் அந்தப் பூட்டிய அறைக்குள்தான் முதலில் பிறந்தது. அந்த இடையூறு என்னவென்றால், காற்றின் கோணலை அளக்கப் பிரகாசமான ஒரு வழிகாட்டி நட்சத்திரம் தேவை. அதுவும் நாம் பார்க்க விரும்பும் பொருளுக்கு வெகு அருகில், ஏறக்குறைய அதே காற்றுத் தூணுக்குள், இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அயலார் வாய்த்த பொருள்கள் வானத்தில் மிகச் சொற்பம்.

இல்லாத நட்சத்திரத்தை நாமே உண்டாக்கிக்கொண்டால் என்ன? தரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்களின் மெல்லிய படலம் ஒன்று பூமியைச் சூழ்ந்திருக்கிறது. எரிந்து விழும் விண்கற்கள் உதிர்த்துவிட்டுப் போன துகளே அது. உலகம் முழுவதையும் போர்த்தியிருக்கும் அந்தப் படலத்திலுள்ள சோடியம் அனைத்தையும் வழித்தெடுத்தாலும் ஒரு டன்னுக்குக் குறைவாகவே தேறும். ஒரு சிறிய லாரியில் ஏற்றிவிடலாம். அந்த அணுக்களுக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தில், பழைய தெருவிளக்குகளில் நாம் கண்ட அதே மஞ்சளில், ஒரு லேசர் கதிரைச் செலுத்தினால், அவை அந்த ஒளியை வாங்கித் திருப்பி உமிழ்ந்து, வானத்தில் ஒரு பொய் நட்சத்திரமாய் ஒளிரும். 1982-இல் வில்லியம் ஹேப்பர் என்ற பௌதிக விஞ்ஞானி இதை அமெரிக்க ராணுவத்துக்கு ஆலோசனையாகச் சொன்னார், அது ரகசியமாயிற்று. 1985-இல் பிரான்சில் ரெனோ ஃபுவாவும், நாம் முன்பு சந்தித்த லபேரியும், அந்த ரகசியத்தின் வாடைகூட அறியாமல், லேசரால் வழிகாட்டி நட்சத்திரம் படைக்கும் உபாயத்தைத் தாமே கண்டுபிடித்துப் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார்கள்! ஊரெல்லாம் பேசும் விஷயத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லாமல் போய், 1991-இல் அமெரிக்க அரசாங்கம் தன் ஆராய்ச்சியின் பெரும்பகுதியை வெளியிட்டது. பூட்டிய அறையில் கழிந்த அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்லத் துணியமாட்டேன். பணம் அங்கேதான் இருந்தது. ஆனால் ஒரே உண்மையைக் கண்டறிய இரு தடவை உழைக்க வேண்டியிருந்தது என்பதும் மெய்.

பொய் நட்சத்திரத்துக்குப் பொய்க்குரிய குறைகளும் உண்டு. மேலே போகும்போதும் கீழே வரும்போதும் கதிர் ஒரே காற்றைக் கடப்பதால், பிம்பம் மொத்தமாக இடவலம் ஆடுகிற ஆட்டத்தை அது காட்டிக்கொடுப்பதில்லை. அதற்காக மங்கலான மெய் நட்சத்திரம் ஒன்றைப் பக்கத்தில் எப்படியும் தேட வேண்டியிருக்கிறது. தவிர, 90 கிலோமீட்டர் உயரம் என்பது வானியலாருக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கிருந்து வரும் ஒளி கூம்பு வடிவில் இறங்குவதால், மெய் நட்சத்திரத்தின் ஒளி கடந்துவரும் உருளை வடிவக் காற்று முழுவதையும் அது தடவிப் பார்ப்பதில்லை. ஆகவே பல லேசர்களைப் பல கோணங்களில் எய்து, மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பதுபோலக் காற்றை அடுக்கடுக்காய் அறுத்துப் பார்க்கிறார்கள். சிலியின் செரோ பச்சோனில் பல நாடுகள் கூட்டாக நடத்தும் ஜெமினி தொலைநோக்கி ஐந்து பொய் நட்சத்திரங்களையும், பரனால் மலையின் எட்டு மீட்டர் தொலைநோக்கிகளில் ஒன்று 2016 முதல் நான்கையும் பயன்படுத்துகின்றன.

மௌனா கீயில் லேசர் எய்யத் தொடங்கிய காலத்தில், விமானம் ஏதும் கதிரின் குறுக்கே வந்து விமானியின் கண் கூசிவிடக் கூடாதே என்று, நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், உறையும் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் வாக்கி-டாக்கியோடு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். உலகின் மிக நுட்பமான ஒளிக்கருவிக்கு வயல் பரணில் உட்காரும் காவற்காரரைப் போல ஒருவர்! துணைக்கோள்களின்மேல் கதிர் படாதிருக்கவும் முன்கூட்டி அநுமதி வாங்க வேண்டும். ஒரே மலையுச்சியில் பல நாட்டுத் தொலைநோக்கிகள் இருப்பதால், ஒருவருடைய மஞ்சள் கதிர் அடுத்தவருடைய பார்வைக்குக் குறுக்கே போய்விடும் தொல்லை வேறு. முதலில் குறிபார்த்தவருக்கே முதல் உரிமை என்பது போன்ற விதிகளை ஏற்படுத்தி, கம்ப்யூட்டரைப் பஞ்சாயத்தாராக நியமித்துக்கொண்டார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கண்டது என்ன? பலவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். நம் பால்வீதியின் மையம் சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில், தூசிப் படலங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நெருங்கி மொய்க்கும் நட்சத்திரங்களை ஒரு விகலைத் திட்டாகப் பார்த்தால், ஒன்றோடொன்று குழைந்துபோன வெறும் ஒளிக்குழம்புதான் மிஞ்சும். அமெரிக்காவில் ஆண்ட்ரியா கெஸ் என்பவரின் குழு மௌனா கீயின் பத்து மீட்டர் கெக் தொலைநோக்கிகளாலும், ஜெர்மனியில் ரைன்ஹார்ட் கென்சலின் குழு ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தொலைநோக்கிகளாலும், தொண்ணூறுகளிலிருந்து ஆண்டுதோறும் அவ்விடத்தைப் படம் பிடித்துவந்தன. முதலில் லபேரியின் நுண்புள்ளி உபாயத்தால், பிறகு தகவமை ஒளியியலால். எஸ்-2 என்று ஐரோப்பியர் பெயரிட்ட நட்சத்திரம் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சுற்றிப் பதினாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வலம் வருவது புலனாயிற்று. 2002-இல் அது மையத்தை மிக நெருங்கித் திரும்பியது. மறுபடி 2018 மே மாதத்தில் நெருங்கியபோது அதன் வேகம் விநாடிக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றுகிறவனின் கைபலத்தைக் கல்லின் வேகத்தைக் கொண்டே மதிப்பிடுவதுபோல, அந்தப் பாதையைக் கொண்டு நடுவில் இருப்பதன் எடையைக் கணக்கிட்டார்கள்: சூரியனைப்போல் நாற்பது லட்சம் மடங்கு, அதுவும் மிகச் சிறிய இடத்துக்குள். கருந்துளை என்பதைத் தவிர வேறு எதையும் அங்கே பொருத்துவது கடினம். 2020-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இவர்கள் கூட்டாளிகள் அல்லர், கடும் போட்டியாளர்கள். வேறு மலை, வேறு ஆடி, வேறு கணக்கு. அப்படியிருந்தும் இருவரும் ஒரே பாதையை வரைந்தார்கள் என்பதனால்தான் அந்தப் பாதையை நாம் நம்புகிறோம். பல நாடுகளின் கூட்டுறவைப் பற்றிப் பேசும்போது போட்டிக்கும் அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாலோமரிலுள்ள ஒன்றரை மீட்டர் தொலைநோக்கிக்கு, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமும் புணேயிலுள்ள பல்கலைக்கழகங்களிடை வானியல் மையமும் சேர்ந்து, மனிதர் கைவைக்காமல் தானே ஒரு நட்சத்திரத்திலிருந்து மறு நட்சத்திரத்துக்குத் தாவித் தாவி அளக்கும் கருவி ஒன்றைச் செய்தன, ரோபோ-ஏ.ஓ. என்று பெயர். கெப்ளர் விண்கலம் கிரகங்கள் இருக்கலாம் என்று சந்தேகித்த 715 நட்சத்திரங்களை அது ஒரே கோடையில் கூர்ந்து பார்த்து, ஒற்றை நட்சத்திரம் என்று எண்ணியிருந்தவற்றில் சிலவற்றுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த துணையைக் காட்டிக்கொடுத்தது. இதே கலை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் தொழிலுக்கும் திரும்பிவந்துவிட்டது; 1997-இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில், உயிருள்ள மனிதக் கண்ணுக்குள் விழித்திரையின் கூம்பணுக்களை ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்தார்கள்.

இனி வரப்போகும் ராட்சதத் தொலைநோக்கிகளில் இந்தக் கலை ஓர் உபரிச் சாதனமாக இராமல், கருவியின் உடம்பிலேயே கலந்துவிட்டது. சிலியின் செரோ அர்மசோனெஸ் உச்சியில் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் பதினாறு நாடுகள் எழுப்பிவரும் 39 மீட்டர் தொலைநோக்கியில் நான்காவது ஆடியே நெளியும் ஆடி. 2.4 மீட்டர் அகலம், ஆறு இதழ்கள், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன், பின்னால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உந்துகோல்கள். இந்தக் கோல்கள் ஆடியைத் தொடுவதுகூட இல்லை. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை அசைக்கும் அதே காந்தச் சுருள் தத்துவத்தில், ஆடி காந்தப் புலத்தின்மேல் மிதக்கிறது. அதன் கண்ணாடிப்பீங்கானை வார்த்தது ஜெர்மனி. அப்பளமாய் இழைத்தது பிரான்ஸ். காந்தச் சுருள்களோடு பொருத்தி நெளிய வைப்பது இத்தாலி. இவற்றுள் எந்த ஒரு நாடும் தனித்துச் செய்யாத காரணம் பணம் மட்டுமன்று. இருபது முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஊரிலும் ஒரு கைப்பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கும்பகோணத்து வெற்றிலையைக் காஞ்சிபுரத்தில் பயிரிட முடியாததுபோல அதைப் பெயர்த்து நடுவது கடினம்.

முப்பது மீட்டர் தொலைநோக்கி என்ற மற்றொரு முயற்சியில் அமெரிக்க, கானடிய, ஜப்பானிய ஸ்தாபனங்களோடு 2014 முதல் இந்தியாவும் பங்காளி. அதன் தலைமை ஆடி 492 அறுகோணத் துண்டுகளால் ஆனது. துண்டுகளில் ஒரு பங்கை மெருகிடும் கூடம் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் இருக்கிறது. பக்கத்துத் துண்டுகள் ஒன்றுக்கொன்று மயிரிழையும் ஏறியிறங்காமல் இருக்கின்றனவா என்று காவல் காக்கும் விளிம்புணரிகளின் மாதிரிகள் புதுச்சேரியில் செய்யப்பட்டவை. இது தகவமை ஒளியியல் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவை திருத்துவது புவியீர்ப்பாலும் வெப்பத்தாலும் ஆடி மெல்ல மெல்லத் தொய்வதை; காற்றைத் திருத்தும் வேலை, கானடாவில் உருவாகிவரும் வேறொரு கருவிக்கு உரியது. தன் சொந்தச் சூட்டின் அகச்சிவப்பு ஒளியே பார்வையைக் கெடுத்துவிடும் என்பதால், அந்தக் கருவி முழுவதையும் உறைநிலைக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில் வைக்கப்போகிறார்கள்.

இந்த முப்பது மீட்டர் தொலைநோக்கியை எங்கே வைப்பது என்பதுதான் தீராத வழக்கு. அதற்குக் குறித்த மௌனா கீ, ஹவாய்ப் பூர்வகுடிகளுக்குப் புனிதமான மலை. 1996-இல் அம்மலையிலுள்ள கானடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கிக்குத் தகவமை ஒளியியல் கருவி பொருத்தியபோது அதற்குப் "புவேயோ" என்று பெயர் வைத்தார்கள். கூர்த்த கண்ணுடைய உள்ளூர் ஆந்தையின் பெயர், அந்த மக்கள் தம் குலதெய்வங்களுள் ஒன்றாகப் போற்றும் பறவை. பெயரை வாங்கிக்கொண்ட சுலபத்தில் மலையை வாங்க முடியவில்லை. 2015-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் முப்பது மீட்டர் தொலைநோக்கியின் கட்டட அநுமதியை ரத்து செய்தது, மீண்டும் அநுமதி கிடைத்து 2019-இல் வேலை தொடங்க முற்பட்டபோது, முதியோர்கள் மலைப்பாதையில் நாற்காலி போட்டு அமர்ந்து மறித்தார்கள், பலர் கைதானார்கள். அவர்களைப் பார்த்து விஞ்ஞானத்தின் விரோதிகள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்றிடமாகக் குறித்து வைத்திருப்பது கானரித் தீவுகளின் லா பால்மா. அதன் உயரம் சுமார் 2,250 மீட்டர். மௌனா கீயிலோ குறித்த இடம் நாலாயிரம் மீட்டருக்கு மேல். காற்றையே திருத்தும் கருவி கைவசம் இருக்கும்போது எந்த மலையானால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் கொஞ்சமாய்க் கலங்கிய காற்றைத் திருத்துவதுதான் இக்கருவிக்கும் எளிது; கலக்கம் மிகுந்த இரவில் ஆயிரம் கோல்களும் ஓடி ஓடி இளைத்து, புள்ளிக்கோலம் குலைந்து, வளையம் தானே அறுந்துபோகிறது. அப்போது இயக்குபவர் லேசரை அணைத்துவிட்டு, காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறார்.